சீனாவின் ஆளில்லாப் புது நகரங்கள்: கேள்வி பதில்

கட்டி முடித்தும் ஆள் குடியேறாத சீன நகரங்கள் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒரே கேள்வியில் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ‘பேய் நகரம்’ என்று எந்த வீடியோவைத் திறந்தாலும் ஆர்டோஸ்தான் வருகிறது. உண்மையிலேயே அங்கே யாருமே இல்லையா சார்?

இருக்கிறார்கள். அந்த வீடியோக்களில் பலவும் 2009, 2010 வாக்கில் எடுத்த காட்சிகளைத்தான் இன்னும் சுற்றவிடுகின்றன. ஆர்டோஸ் என்பது உள் மங்கோலியாவில் ஒரு பெரிய நிர்வாகப் பரப்பு. வீடியோவில் வருவது அதற்குள் உள்ள காங்பாஷி என்ற புதுப் பகுதி. பழைய ஊர் டோங்ஷெங், சுமார் 25 கி.மீ. தள்ளி இருக்கிறது. சீனாவின் நிலக்கரி இருப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஆர்டோஸ் மண்ணுக்கடியில் கிடக்கிறது. அந்தப் பணத்தில்தான் வெறும் புல்வெளியில் காங்பாஷி எழுந்தது. 2006இல் அரசு அலுவலகங்கள் அங்கே மாறின. முதலில் பேசியது 10 லட்சம் பேர் வாழும் நகரம். பிறகு அதை 3 லட்சமாகக் குறைத்தார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்த எண் சுமார் 1.19 லட்சம்.

ஆக, காலி நகரம் என்பதும் தப்பு, நிரம்பிவிட்டது என்பதும் தப்பு. பத்து வழிச் சாலையில் பத்து கார் போனால் கேமராவுக்கு அது காலியாகத்தான் தெரியும். சதுக்கங்களும் சாலைகளும் 10 லட்சம் பேருக்கான அளவில் போட்டவை, அவற்றைச் சுருக்க முடியாது.

கேள்வி: ஆள் வருவார்களா என்று யோசிக்காமலா ஒரு நகரத்தையே கட்டுவார்கள்? இதற்குப் பணம் யார் கொடுக்கிறார்கள்?

யோசிக்கத்தான் செய்தார்கள். ஆனால் கட்டுபவருக்கு லாபம் வருவது ஆள் குடியேறும்போது அல்ல, நிலம் கைமாறும்போது. இதை 1994இலிருந்து பார்க்க வேண்டும். அந்த ஆண்டின் வரிச் சீர்திருத்தத்தில் மதிப்புக்கூட்டு வரியின் 75 சதவீதம் மத்திய அரசுக்குப் போனது, உள்ளூருக்கு 25தான் மிஞ்சியது. (2016இல் அது பாதிக்குப் பாதி ஆனது.) பள்ளி, ஆஸ்பத்திரி, சாலைச் செலவெல்லாம் உள்ளூர் தலையிலேயே இருந்தது. கையில் இருந்த ஒரே சொத்து நிலம்.

சீனாவில் நகர நிலம் அரசுக்குச் சொந்தம், கிராம நிலம் கிராமக் கூட்டுடைமை. கூட்டு நிலத்தை நகர நிலமாக மாற்றும் அதிகாரம் அரசுக்கு மட்டும்தான். பழைய சட்டப்படி விவசாயிக்குக் கொடுக்கும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு, அந்த நிலத்தின் சராசரி ஆண்டு விளைச்சல் மதிப்பைப் போல 30 மடங்கு. சோள வயலுக்குச் சோளக் கணக்கில் விலை, அதையே அடுக்குமாடிக்கான மனையாக விற்கும்போது நகரக் கணக்கில் விலை. இடையில் நிற்கும் வித்தியாசம்தான் நகராட்சியின் வருமானம்.

நடைமுறை இப்படிப் போகும். நகராட்சி தன் பெயரில் நேரடியாகக் கடன் வாங்குவதற்குச் சட்டத் தடை இருந்ததால், ஒரு முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கி நிலத்தை அதன் பெயருக்கு மாற்றும். அந்த நிறுவனம் நிலத்தை அடமானம் வைத்து வங்கிக் கடன் வாங்கி, ‘ஏழு இணைப்பு, ஒரு சமன்’ என்று அங்கே சொல்லும் வேலையை முடிக்கும்: சாலை, குடிநீர், வடிகால், மின்சாரம், எரிவாயு, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய், தொலைத்தொடர்பு, கூடவே தரையைச் சமன் செய்வது. பிறகு மனைகள் ஏலத்துக்கு வரும். வீட்டு மனைக்குக் கிடைப்பது 70 ஆண்டு பயன்பாட்டு உரிமை, வணிக மனைக்கு 40. ஏலப் பணத்தில் கடன் அடைபடும், அடுத்த வயல் எடுக்கப்படும். 2008 நிதி நெருக்கடிக்குப் பின் 4 லட்சம் கோடி யுவான் ஊக்கத் திட்டம் வந்ததும் இந்தச் சக்கரம் தறிகெட்டுச் சுழன்றது.

2021இல் நில விற்பனை வருமானம் 8.7 லட்சம் கோடி யுவான். 2024இல் 4.9 லட்சம் கோடிக்கும் கீழே. உள்ளூர் அரசுகள் இன்று முழி பிதுங்கி நிற்பதற்கு இந்த இரண்டு எண்களே போதுமான விளக்கம்.

கேள்வி: வீடெல்லாம் விற்றுத் தீர்ந்தது என்கிறார்கள், ராத்திரியில் ஜன்னலெல்லாம் இருட்டு. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும்?

சீனாவில் புது வீடு பெரும்பாலும் ‘மாவ்பீ’ நிலையில் கைக்கு வரும். வெறும் கான்கிரீட் தரை, பூசாத சுவர், முனை அடைத்த தண்ணீர்க் குழாய், கூரையிலிருந்து தொங்கும் ஒயர். டைல்ஸ், சமையல் மேடை, குளியலறை, உள்கதவு எல்லாம் வாங்குபவர் பாடு. குடியிருக்கும் எண்ணமில்லாதவர் இந்தச் செலவைச் செய்யவே மாட்டார். மாவ்பீ வீட்டை மறுவிற்பனை செய்வதும் சுலபம், ஏனென்றால் அடுத்தவர் தன் இஷ்டப்படி செய்துகொள்ளலாம். நம்மூரில் பீரோவில் இருக்கும் நகையைப் போல அது. பூட்டி வைத்திருப்பதாலேயே மதிப்பு குறையாது என்ற நம்பிக்கை.

பணத்தை வேறு எங்கே போடுவது? வங்கி வட்டி சொற்பம், பங்குச் சந்தை சூதாட்டம் போல ஆடும், வெளிநாட்டுக்கு அனுப்ப ஆளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர்தான் வரம்பு. வீட்டைச் சும்மா வைத்திருந்தால் ஆண்டு வரியும் கிடையாது. 2011இல் ஷாங்காயிலும் சோங்சிங்கிலும் தொடங்கிய சொத்து வரிச் சோதனை நாடு முழுக்கப் பரவவே இல்லை. மகனுக்குக் கல்யாணம் என்றால் வீடு வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வேறு. பையனுக்குப் பத்து வயதாகும்போதே சொந்த ஊர்ப் பக்கம் ஒரு வீட்டை வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு.

கேள்வி: 6.5 கோடி வீடு காலி என்ற கணக்கு சரியா? 300 கோடிப் பேருக்கு வீடு இருக்கிறது என்றும் படித்தேன்.

6.5 கோடி என்பது செங்டுவில் உள்ள தென்மேற்கு நிதிப் பொருளாதாரப் பல்கலைக்கழகத்தின் குடும்பக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. 2017இல் நகர வீடுகளில் 21.4 சதவீதம் காலி என்றது அது. வேலைக்காக வெளியூர் போனவரின் பூட்டிய வீடு, இரண்டாவது மூன்றாவது வீடு இரண்டும் அதில் சேரும். கட்டுநரிடம் விற்காமல் தேங்கியது சேராது.

தேசிய மின் நிறுவனமும் தன் மீட்டர்களை வைத்து ஒரு கணக்கு எடுத்தது. அதில் பெரிய, நடுத்தர நகரங்களில் 11.9 சதவீதம்தான் காலி. எப்படி இவ்வளவு வித்தியாசம்? அவர்கள் ஆண்டுக்கு 20 யூனிட்டுக்கு மேல் போகாத வீட்டை மட்டுமே காலி என்று எடுத்தார்கள். 8 வாட் வைஃபை பெட்டி ஒன்று ஆண்டு முழுக்க எரிந்தாலே 70 யூனிட். உரிமையாளர் அதை அணைக்க மறந்துவிட்டுப் போனால் அந்த வீடு ‘ஆள் இருக்கும் வீடு’. அதனால் எண்ணைப் பார்க்கும் முன் எதைக் காலி என்று எண்ணினார்கள் என்று பாருங்கள்.

300 கோடி என்பது 2023இல் புள்ளியியல் துறையின் முன்னாள் துணைத் தலைவர் ஹே கெங் பேச்சில் வந்தது. சிலர் சொல்லும் உச்சபட்ச மதிப்பீடு என்றுதான் அதை அவர் குறிப்பிட்டார். அது கொஞ்சம் மிகையாக இருக்கலாம், ஆனால் 140 கோடிப் பேரால்கூட நிரப்ப முடியாது என்றார். பத்திரிகைகள் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டன.

கேள்வி: நான் சிவில் என்ஜினீயர். ஐந்தாறு வருஷம் சும்மா கிடந்த கட்டடத்தைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்த முடியுமா?

முடிந்த கட்டடமா, பாதியில் நின்றதா என்பதைப் பொறுத்தது.

முடிந்தது என்றால் எலும்புக்கூட்டுக்கு ஒன்றும் ஆகாது, உள்ளுறுப்புகள்தான் கெடும். கழிவுக் குழாயின் வளைந்த பகுதியான ட்ராப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போய் சாக்கடை வாடை வீட்டுக்குள் ஏறும். தண்ணீர் ஊற்றினால் சரியாகும். லிஃப்டில் ரோப்பும் கைட் ரெயிலும் துருப்பிடிக்கும், கன்ட்ரோல் போர்டில் ஈரம் இறங்கும். வடக்கே பெரிய சிக்கல் வெந்நீர்க் குழாய். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், எனவே வடித்து விடாத குழாய் முதல் குளிர்காலத்திலேயே வெடிக்கும். சுற்றிலும் காலி வீடுகள் இருந்தால் நடுவில் குடியிருப்பவர் வீடும் சூடேறாது. அவர் சுவர் வழியாகப் பக்கத்து வீடுகளையும் சேர்த்துச் சூடாக்கிக் கொண்டிருப்பார்.

பாதியில் நின்றது வேறு கதை. அடுத்த மாடிக்காக நீட்டிவிட்ட தூண் கம்பிகள் மழையில் துருவேறும். வேலையை நிறுத்தும்போதே அவற்றுக்குச் சிமென்ட் பால் பூசியிருக்க வேண்டும். ஓடிப்போகிற கட்டுநர் அதைச் செய்வதில்லை. மீண்டும் தொடங்கும்போது கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்து, வெர்னியர் அளவுகோலால் விட்டம் அளந்து, தேய்ந்ததை வெட்டிவிட்டுப் புதுக் கம்பி இணைக்க வேண்டும். அதைவிட ஆபத்து அடித்தளம். தண்ணீர் இறைக்கும் பம்பு நின்றதும் நிலத்தடி நீர் ஏறும். ஒரு மீட்டர் நீர் உயரத்துக்குச் சதுர மீட்டருக்கு ஒரு டன் மேல்நோக்கித் தள்ளும். மேலே வர வேண்டிய மாடிகளின் எடையை நம்பி வடிவமைத்த அடித்தளம், அந்த எடை வராதபோது மிதக்கப் பார்த்து விரிசல் விடும்.

குன்மிங்கில் பல ஆண்டுகள் முடியாமல் நின்ற 15 கோபுரங்களை 2021 ஆகஸ்டில் 4.6 டன் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள், 45 வினாடி வேலை. அங்கும் அடித்தளத்தில் மழைநீர் தேங்கித்தான் கிடந்தது.

கேள்வி: கட்டி முடிக்காத வீட்டுக்கு ஏன் மக்கள் முழுப் பணத்தையும் கொடுத்தார்கள், அண்ணா? ஏமாளிகளா?

இல்லை தம்பி, வேறு வழியில்லை. புது வீடுகளில் மிகப் பெரும் பங்கு முன்விற்பனையில்தான் போனது. திட்டச் செலவில் 25 சதவீதம் போட்டுவிட்டால் கட்டுநர் முன்விற்பனை உரிமம் கேட்கலாம். வாங்குபவர் முன்பணம் கட்டுவார், வங்கி மீதியைக் கடனாக மொத்தமாக விடுவிக்கும், மாதத் தவணை உடனே ஓடத் தொடங்கும். இந்தப் பணம் கண்காணிப்புக் கணக்கில் இருந்து, வேலை ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வர வேண்டும் என்பது விதி. ஓட்டை இங்கேதான். உள்ளூர் அரசுக்கு அடுத்த மனை ஏலம் போக வேண்டும், அதனால் கட்டுநர் பணத்தை முன்கூட்டியே எடுப்பதைக் கண்டும் காணாமல் விட்டது.

2020 ஆகஸ்டில் கட்டுநர்களுக்கு ‘மூன்று சிவப்புக் கோடுகள்’ என்ற கடன் வரம்பு வந்தது. புதுக் கடன் நின்றதும் பழைய திட்டங்களுக்குப் பணமில்லை. 2021 டிசம்பரில் எவர்கிராண்ட் என்ற பெரிய கட்டுநர் நிறுவனம் கடன் தவறியதாக அறிவிக்கப்பட்டது. 2022 கோடையில் ஜிங்டெஜென்னில் தொடங்கி பல நகரங்களில் வாங்கியவர்கள், வேலை தொடங்காவிட்டால் தவணை கட்ட மாட்டோம் என்று கடிதம் வெளியிட்டார்கள். இப்படி நின்ற கட்டடத்துக்கு ‘லான்வெய்லோ’ என்று பெயர், அழுகிய வால் கட்டடம். இதைப் பேய் நகரத்தோடு குழப்பாதீர்கள். பேய் நகரத்தில் வீடு இருக்கிறது, ஆள் இல்லை. இங்கே ஆள் காத்திருக்கிறார், வீடு இல்லை. என் கணக்கில் இதுதான் கொடுமை.

கேள்வி: எந்தப் புது நகரம் நிரம்பும், எது நிரம்பாது என்று முன்பே சொல்ல முடியுமா?

ஓரளவு. பள்ளியைப் பாருங்கள். ஊரின் சிறந்த உயர்நிலைப் பள்ளி இடம் மாறினால், பிள்ளைகளுக்குப் பின்னால் தாய்மாரும் தாத்தா பாட்டியும் வருவார்கள். காங்பாஷிக்கு ஆள் வந்ததில் இதற்குப் பெரிய பங்கு. அடுத்து மெட்ரோ, பிறகு அரசு அலுவலகம். குன்மிங்கின் செங்கோங்கைப் பேய் நகரம் என்றார்கள். பல்கலைக்கழக வளாகங்களும் நகராட்சியும் மெட்ரோவும் போனபின் 2020இல் அங்கே 6 லட்சத்துக்கு மேல். ஹெனான் மாகாணத் தலைநகர் ஜெங்ஜோவின் ஜெங்டோங்கும் அப்படித்தான், அதற்குப் பின்னால் அந்த மாகாணமே நிற்கிறது. ஷாங்காயின் புடோங்கையே 1990களில் வெறும் ஷோகேஸ் என்றவர்கள் உண்டு. இன்று 50 லட்சத்துக்கு மேல் மக்கள்.

நிரம்பாதது எது? தாய் நகரமே சுருங்கும் இடம். மன்ஹாட்டன் மாதிரி என்று தியான்ஜினில் எழுப்பிய யூஜியாபு போல, அலுவலகக் கோபுரங்களை மட்டும் நம்பியதும் தள்ளாடும். மாவட்ட அளவுச் சிற்றூர்களின் ஓரத்தில் எழுந்த 30 மாடிகளைத்தான் நான் கவலையோடு பார்ப்பேன். அவற்றை எந்த வீடியோவும் எடுப்பதில்லை.

கேள்வி: ஜொகூரில் இருக்கிறேன். எங்கள் ஃபாரஸ்ட் சிட்டியும் இதே ரகமா?

கட்டியது சீன நிறுவனம், கன்ட்ரி கார்டன். 7 லட்சம் பேருக்கென்று கடலைத் தூர்த்து நான்கு தீவுகள் என்ற திட்டம். ஆனால் நோய் வேறு. இலக்கு வைத்தது சீன வாங்குபவர்களை. சீனா 2016 கடைசியில் பணம் வெளியேறுவதை இறுக்கியதும் அவர்களால் பணம் அனுப்ப முடியவில்லை. காங்பாஷிக்கு அலுவலகத்தையும் பள்ளியையும் உத்தரவு போட்டு மாற்றலாம். இன்னொரு நாட்டில் அந்த உத்தரவு செல்லாது.

கேள்வி: ஹெகாங்கில் ஒரு கார் விலைக்கு வீடு கிடைக்கிறதாமே, நாம் வாங்கலாமா?

சீனாவில் வேலையிலோ படிப்பிலோ இருக்கும் வெளிநாட்டவர், தாம் குடியிருக்க மட்டுமே வாங்கலாம். ஊரிலிருந்தபடி முதலீடாக வாங்க முடியாது. ரஷ்ய எல்லைப் பக்கம் இருக்கும் அந்த நிலக்கரி ஊரில், சுரங்கத் தொழிலாளர் குடிசைகளை இடித்து மாற்று வீடுகள் ஏராளமாகக் கட்டினார்கள், இளைஞர்கள் வெளியேறிவிட்டார்கள். அதனால்தான் அந்த விலை. மலிவாகக் காட்டுவது பெரும்பாலும் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் உச்சி மாடி. அங்கே வேலை பார்ப்பவர் யாராவது வாங்குவதாக இருந்தால், முந்தைய உரிமையாளர் வெந்நீர்க் கட்டணத்தையும் பராமரிப்புக் கட்டணத்தையும் கட்டியிருக்கிறாரா என்று ரசீதைக் கேளுங்கள். கட்டாமல் விட்டிருந்தால் குளிர்காலத்தில் வால்வைத் திறக்க மாட்டார்கள்.