கியூபெக் பீ-வீ ஹாக்கித் தொடர்: சிறுவர் ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு கூட்டம்?

"11, 12 வயதுப் பிள்ளைகள் ஆடும் ஐஸ் ஹாக்கியைப் பார்க்கக் கனடாவில் அரங்கமே நிரம்புகிறதே, எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த வயதுப் பிரிவுக்குத்தான் 'பீ-வீ' என்று பெயர். அந்தத் தொடர் 1960-இல் கனடாவின் கியூபெக் நகரில் தொடங்கியது. பிப்ரவரியில், ஊரின் பனிக்காலத் திருவிழாவை ஒட்டி நடக்கும். வெளியூர்ப் பிள்ளைகள் பலரை உள்ளூர்க் குடும்பங்களே வீட்டில் தங்கவைத்துச் சோறு போடுகின்றன. பிடிப்புக்கு முதல் காரணம் இதுதான் என்பேன். நம் வீட்டில் தூங்கி எழுந்த பிள்ளை ஆடுகிறான் என்றால் யார்தான் போகாமல் இருப்பார்கள்?

நாளைய நட்சத்திரத்தை இன்றே பார்க்கலாம் என்ற ஆசையும் உண்டு. பின்னாளில் ஹாக்கி நட்சத்திரங்களான கை லாஃப்ளூர் 1960-களிலும், வேய்ன் கிரெட்ஸ்கி 1974-இலும் இங்கே ஆடினார்கள். எனக்கு மிகவும் பிடித்தவர் மனோன் ரேயோம். 1984-இல், 11 வயதில், பையன்களின் அணிக்குக் கோல் காத்தார். 1992-இல் டாம்பா பே அணிக்காகப் பயிற்சி ஆட்டமொன்றில் இறங்கி, என்.எச்.எல். எனப்படும் வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை ஹாக்கி லீக்கின் அணிக்கு ஆடிய முதல் பெண் ஆனார்.

பழைய கொலிசே அரங்கில் பல்லாண்டு நடந்த தொடர், இப்போது விடியோட்ரான் அரங்கில் நடக்கிறது. கொரோனாவால் 2021-இல் நடக்கவில்லை. 2023-இல் போரால் பல நாடுகளில் சிதறிக் கிடந்த உக்ரைன் சிறுவர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து வந்தார்கள். முதல் ஆட்டத்தில் வென்றார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.