சீனக் கம்யூனிஸ்ட் கட்சி எப்படி ஆள்கிறது: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

குவாங்சோவில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். சீன மொழியை அங்கேதான் கற்றேன். படிக்கத் தெரிந்ததும் முதலில் கையில் எடுத்தது அந்தக் கட்சியின் அமைப்பு விதிகளைத்தான். அதன் பிறகு இந்த விஷயத்தை நான் விடவே இல்லை. "தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்" என்று எழுதியதற்கு வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

அந்தியூரான்: அண்ணா, சீனாவில் அதிபர், பிரதமர், நாடாளுமன்றம் எல்லாம் இருக்கிறதே. அப்புறம் கட்சிச் செயலாளருக்கு என்ன வேலை? யார் பெரியவர்?

செயலாளர்தான் பெரியவர். அங்கே அரசு அலுவலக வாசலில் நெட்டுக்குத்தாக வெள்ளைப் பலகைகள் தொங்கும். கறுப்பு எழுத்தில் இருப்பது அரசு, சிவப்பு எழுத்தில் இருப்பது கட்சி. பல ஊர்களில் இரண்டும் ஒரே வாசலில் இருக்கும். மாகாணத்துக்கு ஆளுநர் ஒருவர், கட்சிச் செயலாளர் ஒருவர். ஆளுநர் அதே கட்சிக் குழுவில் துணைச் செயலாளராக இருப்பார். அதாவது, குழுவில் முடிவாகிறது. அதை ஆளுநர் நிறைவேற்றுகிறார். நகரம், மாவட்டம், பல்கலைக்கழகம் என்று எங்கே போனாலும் இதே ஏற்பாடுதான்.

ஷி ஜின்பிங்கிடம் மூன்று பதவிகள் இருக்கின்றன: கட்சியின் பொதுச் செயலாளர், மத்திய ராணுவக் குழுவின் தலைவர், நாட்டின் அதிபர். பலமும் அந்த வரிசையில்தான். 2018இல் அதிபர் பதவிக்கு இருந்த இரண்டு தவணை வரம்பை நாடாளுமன்றம் நீக்கியபோது உலகமே பேசியது. ஆதரவாக 2,958 ஓட்டு, எதிராக 2, நடுநிலை 3. ஆனால் பொதுச் செயலாளர் பதவிக்கு அப்படியொரு தவணை வரம்பு விதியில் இருந்ததே இல்லை.

பொன்னி: தலைவர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? உள்ளே ஓட்டு உண்டா?

உண்டு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கட்சி மாநாடு நடக்கும். 2022 அக்டோபர் மாநாட்டில் சுமார் 2,300 பிரதிநிதிகள் கூடி மத்தியக்குழுவுக்கு 205 முழு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குழு அரசியல் தலைமைக்குழுவுக்கு 24 பேரையும், அதற்குள் நிலைக்குழுவுக்கு 7 பேரையும் தேர்ந்தெடுத்தது. விதிப்படி அதிகாரம் கீழிருந்து மேலே போக வேண்டும். நடைமுறையில் பெயர்ப் பட்டியல் மேலே தயாராகிக் கீழே வருகிறது, ஓட்டு அதை உறுதி செய்கிறது. உறுப்பினர்களில் சுமார் 30 சதவீதம் பெண்கள். அந்த 24 பேரில் ஒரு பெண்கூட இல்லை. இதை எப்படியும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

நெல்லைத் தம்பி: ராணுவம், போலீஸ் எல்லாம் சரி. ஆனால் இவ்வளவு பெரிய நாட்டை ஒரு கட்சி பிடித்து வைத்திருக்கிறதே, உண்மையான பிடி எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன், தம்பி. எனக்குத் தெரிந்தவரை பிடி இருப்பது நியமனத்தில். யாரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்பதை வேறு யாரிடமும் கட்சி விட்டுக்கொடுப்பதில்லை. "ஊழியர்களைக் கட்சியே நிர்வகிக்கும்" என்பது அவர்களுடைய அடிப்படைக் கொள்கை. இதற்கென்றே கட்சியில் மத்திய அமைப்புத் துறை இருக்கிறது. பெய்ஜிங்கின் மையத்தில் பெரிய கட்டடம், வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. மாகாணச் செயலாளர், அமைச்சர், பெரிய அரசு நிறுவனத்தின் தலைவர், முன்னணிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் என்று எல்லோருடைய கோப்பும் இங்கே வந்தாக வேண்டும். மாகாணம், நகரம், மாவட்டம் வரைக்கும் இதற்குக் கிளைத் துறைகள் உண்டு.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 2004 நவம்பரில் சைனா மொபைல், சைனா யூனிகாம், சைனா டெலிகாம் ஆகிய மூன்று அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் தலைவர்களும் ஒரே நேரத்தில் இடம் மாற்றப்பட்டார்கள். அதுவரை யூனிகாமை நடத்தியவர் மறுநாள் அதன் போட்டியாளரான சைனா மொபைலின் தலைவர். மூன்றும் ஹாங்காங்கிலும் நியூயார்க்கிலும் பங்குச் சந்தையில் இருந்த நிறுவனங்கள். வெளிநாட்டுப் பங்குதாரர்கள் திகைத்துப் போனார்கள். கட்சியைப் பொறுத்தவரை, மூன்று ஊழியர்களுக்கு இடமாற்றல் போட்டது, அவ்வளவுதான்.

மேலே வருகிறவர் எப்படி வருகிறார் என்பதற்கு ஷியே உதாரணம். 1982இல் ஹெபெய் மாகாணத்தின் செங்டிங் மாவட்டத்தில் துணைச் செயலாளர். 1985இல் ஷியாமென் துணை மேயர். பிறகு நிங்தெ என்ற ஏழைப் பகுதி, ஃபூசோ நகரம், 2000இல் ஃபூஜியன் ஆளுநர், 2002இல் செஜியாங் செயலாளர், 2007இல் ஷாங்காய், அதே வருடம் நிலைக்குழு. ஒவ்வொரு படியிலும் மதிப்பீடு, விசாரணை, சிபாரிசு. அப்பா துணைப் பிரதமராக இருந்தவர் என்பது உதவாமல் இருந்திருக்காது. ஆனாலும் முப்பது வருடம் ஊர் ஊராகச் சுற்றித்தான் அவர் உச்சிக்கு வந்தார். மாவட்டத் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் அந்த ஊரிலேயே வளர்ந்தவராக இருக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. நம்மூர் கலெக்டரை மாற்றிக்கொண்டே இருக்கிற மாதிரிதான். உள்ளூரில் வேர் பிடித்துவிட்டால் மேலிடத்துக்குப் பிடி தளர்ந்துவிடும்.

யோசித்துப் பாருங்கள்: ஒருவருடைய அடுத்த பதவி மேலே இருப்பவர் கையில் மட்டுமே இருந்தால், அவர் கண் யாரைப் பார்க்கும்? மக்களைப் பார்க்கக் காரணமே இல்லை. 2020 ஜனவரியில் ஊஹானில் கொரோனா நோய்த் தகவல் வெளியே வராமல் தாமதித்தது இதனால்தான் என்று நான் நம்புகிறேன். அந்த ஊரின் மேயரே, மேலிடத்து அனுமதி இல்லாமல் தன்னால் தகவலை வெளியிட முடியவில்லை என்று தொலைக்காட்சியில் சொன்னார்.

கடல்குருவி: பல நாடுகளில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்க்கிறது. அங்கே ஏன் நடக்கவில்லை?

அந்த ராணுவம் நாட்டுக்குச் சொந்தமானதல்ல, கட்சிக்குச் சொந்தமானது. இதன் தொடக்கம் 1927. தோற்று, ஆயிரம் பேருக்கும் குறைவாகச் சுருங்கிப்போன படையோடு மாவோ ஜியாங்சி மாகாணத்தின் சான்வான் கிராமத்துக்கு வந்தார். அங்கே வைத்து கம்பெனி எனப்படும் ஒவ்வொரு படைப்பிரிவுக்குள்ளும் ஒரு கட்சிக் கிளையை அமைத்தார். அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது. தளபதிக்குச் சமமாக ஓர் அரசியல் அதிகாரி இருப்பார், பெரிய முடிவுகள் கட்சிக் குழுவில்தான் எடுக்கப்படும். மாவோவுக்குப் பிறகு நாட்டை நடத்திய காலத்தில் டெங் சியாவோபிங் பொதுச் செயலாளராகவும் இல்லை, அதிபராகவும் இல்லை. 1981 முதல் 1989 வரை ராணுவக் குழுத் தலைவர் பதவி அவரிடம் இருந்தது.

இந்தப் பிடியும் ஒருமுறை ஆட்டம் கண்டது. 1989 மே மாதம் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர்கள் கூடியிருந்தபோது, படையோடு பெய்ஜிங்குக்குள் போகச் சொல்லி 38வது படைத்தொகுதியின் தளபதி சு சின்சியெனுக்கு உத்தரவு வந்தது. அவர் மறுத்துவிட்டார். கட்சியிலிருந்து நீக்கி ஐந்து வருடம் சிறையில் வைத்தார்கள். 2021இல் இறந்துபோனார். மனசாட்சிப்படி நின்ற ஒரு மனிதர், அவர் பெயரை நாம் மறக்கக் கூடாது. ஆனால் அவருடைய படைத்தொகுதி நிற்கவில்லை. வேறு அதிகாரியின் தலைமையில் உள்ளே போனது.

செம்பருத்தி: சாதாரண ஆள் கட்சியில் எப்படிச் சேர்வது? சேர்ந்தால் என்ன கிடைக்கும்?

18 வயது ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும், உறுப்பினர் இருவர் அறிமுகம் செய்ய வேண்டும், வகுப்புகளுக்குப் போக வேண்டும், பிறகு ஒரு வருடம் தகுதிகாண் காலம். வலது முஷ்டியை உயர்த்தி உறுதிமொழி எடுப்பார்கள். மாதச் சந்தா சம்பளத்தில் 0.5 முதல் 2 சதவீதம் வரை. 2024 முடிவில் உறுப்பினர் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் கல்லூரியிலேயே சேர்ந்தவர். "அரசு வேலைக்குப் போனால் உதவும் என்று அம்மா சொன்னார்" என்றார். பெரும்பாலோர் கதை இதுதான். அதே நேரம், வெள்ளம் வந்தபோது கிளை கூப்பிட்டது என்று மூன்று நாள் மண் மூட்டை சுமந்ததும் அதே பெண்தான். இரண்டும் உண்மை.

தறிக்காரன்: தனியார் கம்பெனிக்குள்ளும் கட்சி இருக்குமா?

மூன்று உறுப்பினர் இருந்தால் கிளை அமைக்க வேண்டும் என்கிறது கட்சி விதி. எங்களுக்குச் சரக்கு கொடுத்த தொழிற்சாலையில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில் அரிவாள் சுத்தியல் மாட்டிய ஓர் அறை இருந்தது. பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். சம்பளத் தகராறு வந்த வாரம் மட்டும் காலை முதல் இரவு வரை திறந்திருந்தது. முதலாளிகள் கட்சியில் சேரலாம் என்று ஜியாங் ஜெமின் 2001இல் கதவைத் திறந்துவிட்டார். அலிபாபாவின் ஜாக் மாவும் உறுப்பினர்தான். 2020 அக்டோபரில் வங்கிக் கட்டுப்பாட்டு முறையை மேடையில் விமர்சித்தார். சில நாளில் அவருடைய ஆன்ட் என்ற நிதி நிறுவனத்தின் பங்கு வெளியீடு நிறுத்தப்பட்டது.

யாழ் வாசகன்: சோவியத் கட்சி விழுந்தது, இது ஏன் விழவில்லை?

சோவியத் கட்சிக்கு சுமார் 1 கோடியே 90 லட்சம் உறுப்பினர்கள் இருந்தார்கள். எண்ணிக்கை அதைக் காப்பாற்றவில்லை. 1990 மார்ச்சில் அரசியல் சட்டத்தின் 6வது பிரிவு திருத்தப்பட்டு, கட்சியின் தலைமை இடம் போனது. அடுத்த வருடம் ஆகஸ்டில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது ராணுவம் கட்சிக்காகச் சுடவில்லை. பெய்ஜிங் இதை வரிவரியாகப் படித்தது. "ராணுவத்தை நாட்டுடைமை ஆக்குவது" என்ற பேச்சே அங்கே இன்றும் குற்றம் போலத்தான் பார்க்கப்படுகிறது. இன்னொன்று, சீனாவில் சீர்திருத்தம் 1978க்குப் பிறகு வயலில் தொடங்கியது. நிலத்தைக் குடும்பங்கள் பயிரிட்டு, மிச்சத்தை விற்கலாம் என்றார்கள். சாப்பாட்டுத் தட்டு நிறைந்த தலைமுறை கட்சியை உடனே வெறுத்துவிடவில்லை. பயம் மட்டும்தான் காரணம் என்று சொல்பவர்கள் அந்தத் தலைமுறையோடு பேசியதில்லை என்று நினைக்கிறேன்.

அந்தியூரான் (மீண்டும்): நம்மூர் கம்யூனிஸ்ட் கட்சிகளும் இதே அமைப்புதானா?

கிளை, மாவட்டக்குழு, மாநிலக்குழு, மத்தியக்குழு, ஜனநாயக மத்தியத்துவம் (உள்ளே விவாதிக்கலாம், முடிவானதும் எல்லோரும் கட்டுப்பட வேண்டும்) எல்லாம் லெனின் காலத்து ஒரே அச்சுதான். ஆனால் இங்கே கலெக்டரும் நீதிபதியும் பட்டாளமும் கட்சியின் கையில் இல்லை. 1959இல் கேரள அரசைக் கலைத்தார்கள், போனது. மேற்கு வங்கத்தில் 34 வருடம் ஆண்டார்கள், 2011இல் ஓட்டில் தோற்று இறங்கினார்கள்.

பொன்னி (மீண்டும்): இவ்வளவு கட்டுக்கோப்பான கட்சிக்குப் பலவீனம் எதுவும் இல்லையா?

இருக்கிறது, வாரிசுப் பிரச்சினை. மாவோ 1976 செப்டம்பரில் இறந்தார். ஒரே மாதத்தில் அவர் மனைவி உட்பட நால்வர் கைது. 1987இல் பொதுச் செயலாளர் ஹூ யாவோபாங்கை இறக்கினார்கள். 1989இல் அடுத்தவர் சாவோ சியாங்கையும் இறக்கினார்கள். அவர் 2005இல் சாகும்வரை வீட்டுக்காவல். இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 68 வயதானால் ஓய்வு, இரண்டு தவணையில் மாற்றம் என்ற வழக்கம் உருவானது. 2002, 2012 இரண்டிலும் தலைமை அமைதியாகக் கை மாறியது. 2022இல் 69 வயது ஷி மூன்றாவது தவணைக்கு வந்ததும் அந்த வழக்கம் முடிந்தது. அடுத்தவர் இவர்தான் என்று சொல்லும்படி அந்த ஏழு பேரில் யாருமில்லை.

அடுத்த மாநாடு 2027இல். அது முடிந்ததும் புதிய நிலைக்குழு தர வரிசைப்படி மேடைக்கு நடந்து வரும். 2007இல் அந்த வரிசையில் ஐம்பதுகளில் இருந்த இரண்டு புது முகங்கள் வந்தன. ஷிக்கு 54 வயது, லி கெகியாங்குக்கு 52. ஐந்து வருடம் கழித்து ஒருவர் பொதுச் செயலாளர், அடுத்து மற்றவர் பிரதமர். 2027இல் ஐம்பதுகளில் இருக்கும் ஒருவர் அப்படி நடந்து வருகிறாரா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.