உள்நாட்டுப் போரில் பங்கேற்ற அமெரிக்க முன்னோர் ஒருவரின் வாழ்க்கையையும் குடும்பத்தையும் எப்படித் தேடுவது?

உங்கள் மனைவியின் முன்னோர் ஒருவர், அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வட மாநிலப் படையில் இருந்தார் என்றும், பெயரையும் ஒஹாயோ மாநிலத்தையும் தவிர வேறெதுவும் தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் கணவரின் குடும்பத்துக்காக இதே தேடலில் ஈடுபட்டவள் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: அந்த வீரரைவிட, அவருக்குப் பின் வாழ்ந்த அவருடைய மனைவியைத் தேடுங்கள்.

முதல் படி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1900இலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள். அந்த ஆண்டின் படிவம் பிறந்த மாதத்தையும், திருமணமாகி எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும், ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர் எத்தனை என்பதையும் சொல்கிறது. 1890ஆம் ஆண்டுப் பதிவுகள் 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தில் சேதமடைந்து, எஞ்சியவற்றில் பெரும்பாலானவையும் பிற்பாடு அழிக்கப்பட்டன. ஆயினும் அதே ஆண்டில் வட மாநிலப் படைவீரர்களையும் அவர்களுடைய விதவைகளையும் குறித்துத் தனியே எடுத்த பட்டியலில் ஒஹாயோ உட்படப் பல மாநிலங்களின் பகுதி தப்பியிருக்கிறது. குடும்பத் தலைவருக்கு ஒருவர் என்ன உறவு என்பது 1880 முதல்தான் பதிவானது. 1850க்கு முன் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும்.

உண்மையான புதையல் விதவை ஓய்வூதியக் கோப்புதான். 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, போர்ப்பணியின் காரணமாக இறந்த சாதாரணச் சிப்பாயின் மனைவிக்கு மாதம் 8 டாலர் கிடைத்தது. 1890ஆம் ஆண்டுச் சட்டமோ, 90 நாட்களேனும் பணியாற்றிய வீரர் எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும், தன் உழைப்பைத் தவிர வேறு ஆதரவற்ற விதவைக்கு ஓய்வூதியம் தந்தது. அதைப் பெற அவள் தன் திருமணத்தையும் பிள்ளைகளின் வயதையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பிறப்பைப் பதியும் கட்டாயமே பல மாநிலங்களில் அன்று இல்லாததால், குடும்ப பைபிளில் பிறப்பு இறப்பு எழுதிய தாளையே கிழித்து அனுப்பியவர்கள் உண்டு. மருத்துவச்சியும் அண்டை வீட்டாரும் பிரமாணம் செய்து சாட்சி சொன்னார்கள். என் கணவரின் குடும்பக் கோப்பில் அத்தகைய தாள் ஒன்று கிடைத்தது. 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பின் பிறந்து, 1880க்குள் இறந்துவிட்டதால் எந்தக் கணக்கெடுப்பிலும் இடம்பெறாத இரண்டு குழந்தைகளின் பெயர்கள் அதில்தான் இருந்தன. மறுமணம் செய்தால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்பதாலும், 1882ஆம் ஆண்டுச் சட்டம் பிற ஆணோடு வாழ்வதையும் தடையாக்கியதாலும், விதவையின் நடத்தையைப் பற்றி ஊராரிடம் விசாரித்து எழுதிய பக்கங்களும் சில கோப்புகளில் உண்டு. அவற்றைப் படிக்கையில் மனம் கனக்கிறது.

வீரர் நெடுநாள் வாழ்ந்திருந்தால், ஓய்வூதிய அலுவலகம் 1898இல் அனுப்பிய வினாத்தாள் அவருடைய கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். மனைவியின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், மணமான நாளும் இடமும், முந்தைய திருமணங்கள், உயிரோடிருக்கும் பிள்ளைகள் அனைத்தையும் அவர் தம் வாயாலேயே சொல்லியிருப்பார்.

ஓய்வூதிய அட்டவணை அட்டைகளை குடும்ப வரலாற்றுப் பதிவுகளுக்கான ஃபேமிலிசர்ச் (FamilySearch) இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். வீரரின் எண்ணும் விதவையின் எண்ணும் தனித்தனியே இருக்கும். இரண்டையும் குறித்துக்கொண்டு வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் முழுக் கோப்பின் நகலைக் கேளுங்கள், ஏனெனில் சுருக்க நகலில் சாட்சியங்கள் விடுபடக்கூடும். தென் மாநிலப் படையினருக்கு ஓய்வூதியம் கொடுத்தவை அந்தந்த மாநிலங்கள் என்பதால், அவர்களுடைய கோப்புகள் மாநிலக் காப்பகங்களில்தான் கிடைக்கும். வட மாநிலப் படையில் சேர்ந்த ஏறத்தாழ 1,79,000 கறுப்பின வீரர்களுள் ஒருவரைத் தேடுபவருக்கு இக்கோப்பு இன்னும் அருமையானது. அடிமைகளாயிருந்தவர்களை 1850, 1860 கணக்கெடுப்புப் பட்டியல்கள் பெரும்பாலும் பெயரின்றி, வயது, பாலினம், நிறம் போன்ற விவரங்களாக மட்டுமே காட்டுகின்றன. விதவையின் வாக்குமூலத்திலோ முன்னாள் உடைமையாளரின் பெயரும், அடிமை வாழ்வில் நடந்த திருமணமும் வெளிவருவதுண்டு.

மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் கிடைத்ததும், அவள் தந்தை வாழ்ந்த கவுன்ட்டியின் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) நீதிமன்றத்தில் உயில்களைப் பாருங்கள். மணமான மகள்களைக் கணவன்வழிப் பெயரோடு குறிப்பிடும் உயில்கள் பல. கவுன்ட்டிகள் அடிக்கடி பிரிக்கப்பட்டன என்பதால், அந்த ஆண்டில் அந்த ஊர் எதில் இருந்தது என்பதைப் பழைய வரைபடத்தில் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.