அப்பச்சியின் சிட்டைகள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காரைக்குடியில் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற எங்கள் அப்பச்சி (எங்கள் வழக்கில் அப்பா) சென்ற ஆண்டு காலமானார். வருடத் திவசத்துக்கு வரும் உறவினர்களுக்குக் கொடுக்க நினைவு மலர் ஒன்று தயாரிக்கிறோம். எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் தந்தை, 1942-ல் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர். அந்த வீட்டில் முதல் பட்டதாரி அப்பச்சிதான். அவர் நூல் எழுதவில்லை, விருதும் பெறவில்லை. அப்பத்தா படுக்கையில் இருந்தபோது, வெளியூரில் கிடைத்த முதல்வர் பதவியையும் மறுத்துவிட்டார். "வீடே கதியென்று இருந்தவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்கிறார் சித்தப்பா. எங்களிடம் இருப்பவை அப்பச்சி நாள்தோறும் எழுதிய வரவு செலவுச் சிட்டைகளும் ஒரு பீரோ நிறையப் புத்தகங்களும்தான். ஒரு பக்கத்தின் நகலை இணைத்துள்ளேன். எங்கிருந்து தொடங்குவது?

– வாசகி, தேவகோட்டை

பதில்: அந்த நகலிலிருந்தே தொடங்குங்கள். 1972 ஜூன் மாதத்துக்குரிய அந்தப் பக்கத்தில், "ஆத்தாவுக்குத் தைலம்", "பிள்ளைக்குப் பால் மாவு", "தம்பி கல்லூரிக் கட்டணம்" என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவர், தமக்கென்று எழுதியிருப்பது ஒரே ஒரு வரிதான்: "செருப்பு தைக்க 0.40". நாற்பது காசு. அந்த மாதம் முழுவதும் தமக்காக அவர் செய்த செலவு அவ்வளவே. இதைவிடத் தெளிவாக அவரை யார் எழுதிவிட முடியும்? பக்கத்தை அப்படியே அச்சிடுங்கள். அவர் கையெழுத்து தெரிய வேண்டும். கல்லூரிக் கட்டணத்துக்கு எதிரே வரவு எதுவும் பதிவாகவில்லை என்பதையும் கவனித்தேன். அந்தத் தம்பி உங்கள் சித்தப்பாதானா என்று நான் கேட்கப் போவதில்லை. மலரில் பெயரைத் தவிர்த்துவிடலாம். வரியைத் தவிர்க்க வேண்டாம்.

அடுத்து, அவர் வளர்ந்த காலத்தை ஒரு பத்தியில் சொல்லுங்கள். போரில் தப்பி வந்தவர்கள் விட்டுவந்த விளைநிலங்களைப் பர்மா அரசு 1948-ல் சட்டம் இயற்றி அரசுடைமை ஆக்கியபோது, திரும்பிப் போய் மீட்டுக்கொள்ளலாம் என்று முகப்பில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்த நம்பிக்கையும் பல வீடுகளில் அடங்கிப் போயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியிருந்தார். அவர் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-ல் திறக்கப்பட்டது. முன்பானால் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் தொழில் பழகும் சிறுவனாக, கப்பலேறி வட்டிக் கணக்குப் பழகியிருக்க வேண்டிய பிள்ளை, உள்ளூரிலேயே படித்துச் சாக்பீஸ் பிடித்தது இந்த மாற்றத்தால்தான். ஆனாலும் அன்றாடம் சிட்டை எழுதாமல் படுக்கப் போகாத வீட்டுப் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை, பாருங்கள்.

முதல்வர் பதவியை மறுத்ததைத் "தியாகம்" என்று எழுதாதீர்கள். அச்சொல்லை நினைவு மலர்கள் தேய்த்துவிட்டன. அவரே அப்படிச் சொல்லியிருப்பார் என்றும் தோன்றவில்லை. எந்த ஆண்டு, எந்த ஊர், அப்பத்தாவை இரவில் புரட்டிப் படுக்க வைத்தவர் யார், காலை வகுப்புக்கு அவர் எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்பவற்றை மட்டும் எழுதினால் போதும். உடன் பணியாற்றியவர்களிடம் பாராட்டுரை கேட்பதைவிட, பழைய மாணவர் இருவரிடம் அவர் கரும்பலகையில் எப்படி எழுதுவார் என்று கேட்டு வாங்குங்கள். புகைப்படங்கள் நான்கைந்துக்கு மேல் வேண்டாம்.

புத்தகங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் சொல்லிவிடுகிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகச் சேர்த்தவை, 1992-ல் அவர் மறைந்த பின்னும் சிதறாமல் ஒரே தொகுப்பாக இருந்ததால்தான், 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றன. உங்கள் வீட்டில் இருப்பவை பெரும்பாலும் கணிதப் பாடநூல்களாக இருக்கக்கூடும். அவற்றைப் பெற எல்லா நூலகங்களும் முன்வருவதில்லை. எனவே எடைக்குப் போடும் அவசரமும் வேண்டாம், மூட்டை கட்டி நூலக வாசலில் இறக்கும் அவசரமும் வேண்டாம். முதலில் பட்டியல் எழுதி அனுப்பி, வேண்டுமா என்று கேளுங்கள். ஓரங்களில் பென்சிலால் கணக்குப் போட்டிருக்கும் நூல்களைத் தனியே எடுத்து வையுங்கள். உள்ளே செருகியிருக்கும் பேருந்துச் சீட்டு, மருந்துச் சீட்டு போன்றவற்றை உதறி எறியாமல், எந்த நூலில், எந்தப் பக்கத்தில் இருந்தது என்று அதன் பின்புறத்திலேயே குறித்து வையுங்கள்.