ஆறு வருடம் கழித்துக் கை பொருத்தினால் மூளைக்கு அடையாளம் தெரியுமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 31. ஆறு வருடத்துக்கு முன் மின்சாரம் தாக்கி, இரண்டு கைகளையும் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கை மாற்று அறுவை சிகிச்சைக்குப் பதிந்திருக்கிறோம். "மூளை கையையே மறந்திருக்கும், வைத்தாலும் அசையாது" என்கிறார் உறவினர் ஒருவர். உண்மையா? இப்போதே ஏதாவது பயிற்சி செய்யலாமா?

பதில்: மறக்காது. இல்லாத விரல்களை மடக்கச் சொல்லித் தம்பியிடமே கேளுங்கள். மடங்குவது போல இருக்கிறது என்றுதான் அநேகமாகச் சொல்வார்.

மூளையில் அசைவுகளை இயக்கும் பகுதியான மோட்டார் கார்டெக்ஸில் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இடம் உண்டு. கையின் இடத்துக்குப் பக்கத்தில் முகம். 2000-ல் பிரான்சின் லியோன் நகரில் இரண்டு கைகளும் பொருத்தப்பட்ட ஒருவரை மூளையின் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்துப் பார்த்தார்கள். அறுவைக்கு முன் கையை அசைக்க முயன்றபோது முகப்பகுதியை நோக்கி நகர்ந்திருந்த இயக்கம், ஆறு மாதத்தில் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. அமெரிக்காவின் லூயிவில்லில் இன்னொருவருக்குக் கை போய் 35 வருடம் கழித்துப் புதுக் கை கிடைத்தது. நான்கே மாதத்தில், உள்ளங்கையைத் தொட்டால் மூளையில் கைக்குரிய பகுதி விழித்தது. 2025-ல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது: கை எடுக்கப்படுவதற்கு முன்பும் பின்பும் மூன்று பேரைத் தொடர்ந்து கவனித்ததில், மூளையின் வரைபடம் பெரிதாக மாறவே இல்லை. ஆறு வருடத்துக்குப் பயப்பட வேண்டாம்.

தாமதம் நரம்பில்தான். வெட்டுப்பட்ட நரம்பு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். முன்கையின் நடுவிலிருந்து விரல் நுனிவரை 30 சென்டிமீட்டர் என்றால், பத்து மாதக் கணக்கு. ஆனால் விரலை மடக்கும் பெரிய தசைகள் இருப்பது முன்கையில். தம்பியின் சொந்தத் தசை போதுமான அளவு மிஞ்சியிருந்து புதுக் கையின் தசைநாண்களோடு இணைக்க முடிந்தால், நரம்பு வளர்வதற்கு முன்பே விரல் மடங்கத் தொடங்கும். சட்டைப் பொத்தான் போடத் தேவையான சின்னத் தசைகள் உள்ளங்கையில் இருக்கின்றன. அவற்றுக்குப் பொறுமை வேண்டும். இரண்டு கையும் ஒரே வேகத்தில் தேறாமலும் போகலாம். ஓர் ஆய்வில், இரண்டு கைகளும் பொருத்தப்பட்ட வலக்கைக்காரர் இருவருக்கும் இடது கைதான் முந்தியது!

வளரும் நரம்பு சில சமயம் வழி மாறும். ஒரு விரலைத் தொட்டால் வேறு விரலில் உணர்வு வரும். கண்ணால் பார்த்துக்கொண்டே தொட்டுப் பழகுவது இதைச் சரிசெய்ய உதவும்.

இப்போது செய்யக்கூடியது: இல்லாத கையை மடக்கி விரிக்க நிஜமாகவே முயல வேண்டும், கற்பனை மட்டும் போதாது. முன்கைத் தசை இறுகுகிறதா என்று நீங்கள் தொட்டுப் பாருங்கள். இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையாகப் பார்த்துப் பழகும் கண்ணாடிப் பயிற்சிக்கு ஒரு கையாவது வேண்டும் என்பதால் அது இவருக்குப் பொருந்தாது. முழங்கையும் தோளும் இறுகிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலை மாத்திரைகளைப் பற்றித்தான். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். தொற்று, சர்க்கரை, சிறுநீரகப் பாதிப்பு வரலாம். 1998-ல் லியோனில் கை பொருத்திக்கொண்டவர் மருந்தை ஒழுங்காக எடுக்காததால், 2001-ல் அந்தக் கையை அகற்ற வேண்டியதாயிற்று.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-ல் இரு கைகளும் பொருத்தப்பட்டவரும் மின்விபத்தில் சிக்கியவர்தான். மின்சாரம் வெளியே தெரிவதைவிட ஆழமாகத் தசையையும் நரம்பையும் எரித்திருக்கக்கூடும். எனவே அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, மூளையை விட்டுவிட்டு, "முன்கையில் உயிருள்ள தசையும் நரம்பும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எந்த உயரத்தில் இணைப்பீர்கள்?" என்று கேளுங்கள்.