பெற்றோருக்கு அனுப்பும் பணம் ஜகாத் ஆகுமா?

கேள்வி: பெங்களூரு டேனரி ரோட்டில் வாடகை வீடு. மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன். மேலப்பாளையத்தில் இருக்கும் வாப்பா, உம்மாவுக்கு என் பணம்தான் வருமானம். மாதம் 10,000 அனுப்புகிறேன். இதை ஜகாத்தில் (ஏழைகளுக்கு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய கடமையான தர்மம்) கழித்துக்கொள்ளலாமா? பிள்ளைகள் படிப்புக்காக என் பெயரில் பேங்கில் 12 லட்சம் இருக்கிறது. மனைவி நாமினி. எனக்கு ஏதாவது ஆனால் பிள்ளைகள் படிப்புக்கு அது போதும்தானே?

பதில்: கழிக்க முடியாது. வசதியில்லாத பெற்றோரைப் பராமரிப்பது உங்கள் கடமை. அதற்கு ஜகாத்தைத் திருப்பினால் உங்கள் செலவைத்தான் மிச்சம் பிடிக்கிறீர்கள். பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் கொடுப்பதும் அப்படியே. 12 லட்சத்துக்கு இரண்டரை சதவீதம், 30,000 ரூபாய், தனியாக எடுத்து வையுங்கள். தம்பி, தங்கை, மாமனார், மாமியார் ஏழைகளாக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். தங்கைக்கு என்றால் அவள் கையிலேயே கொடுங்கள். வாப்பா கணக்கில் போட்டால் வீட்டுச் செலவோடு கரைந்துவிடும். சம்பாதிக்கும் சகோதரி இருந்தால் பெற்றோர் செலவில் அவருக்கும் பங்குண்டு. இதை நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை!

நாமினி விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பேங்க் பணத்தை நாமினி வாங்கலாம், ஆனால் அது வாரிசுகளின் சொத்து. பெற்றோருக்கு முன்பே நீங்கள் இறந்துவிட்டால், கடன் போக (மனைவிக்குக் கொடுக்காத மஹரும், அதாவது திருமணக் கொடையும், கடன்தான்) மிஞ்சுவது 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இஸ்லாமிய வாரிசுச் சட்டப்படி வாப்பாவுக்கு ஆறில் ஒன்று, 2 லட்சம். உம்மாவுக்கும் 2 லட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று, ஒன்றரை லட்சம். மீதி ஆறரை லட்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று: அவள் கைக்கு ஏறக்குறைய 2,17,000. கல்லூரிக்கு எந்த மூலைக்கு?

படிப்புக்கென்றே ஒதுக்கியதை இப்போதே ஹிபா (அன்பளிப்பு) செய்துவிடுங்கள். பிள்ளைகள் பெயரில் மைனர் கணக்கு தொடங்கி, இருவருக்கும் சமமாகப் போடுங்கள். ‘இன்ன தேதியில் இவ்வளவு ஹிபாவாகக் கொடுத்தேன்’ என்று எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். தகப்பனே கார்டியன் என்பதால் தொகையைப் பிள்ளை கையில் ஒப்படைக்க வேண்டியதில்லை. ஆனால் அட்வான்ஸ் கட்ட, பைக் வாங்க என்று அதில் கை வைத்தால், கொடுத்தது பெயருக்குத்தானா என்ற கேள்வி பின்னால் வரும். ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பிரிவில்) அந்தப் பணத்துக்கும் ஜகாத் உண்டு. ஹனஃபியில் பிள்ளை பருவமடையும்வரை இல்லை.