உப்புத் தேசிக்காயில் பூஞ்சணம்

கேள்வி: வெள்ளவத்தையில் மாடிவீட்டில் இருக்கிறோம். உப்பிட்டு நாலு நாள் காயவைத்துப் போத்தலில் அடைத்த தேசிக்காய், இரண்டு கிழமையில் வெள்ளை பிடித்துவிட்டது. ஏன்?

பதில்: முதலில் அந்த வெள்ளையை விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்து தண்ணீரில் கரைந்தால் உப்பு, பயமில்லை. பஞ்சுபோல் இழுபட்டால் பூஞ்சணம். அப்படியென்றால் போத்தலோடு எறியுங்கள், மேலே வழித்துவிட்டுப் பாவிக்கவே கூடாது.

கொழும்பின் கடற்காற்றில் நாலு நாள் போதாது. தோல் இறுகிவிடும், சுளைக்குள் ஈரம் நிற்கும். மஞ்சளாகப் பழுத்த தேசிக்காய் ஒரு கிலோவுக்குக் கல்லுப்பு 250 கிராம். அடி பிரியாமல் நாலாகக் கீறி, உப்பை உள்ளே அடைத்து, கண்ணாடிப் போத்தலில் நாலைந்து நாள் தினமும் குலுக்குங்கள். பிறகு வெட்டுவாய் மேலே பார்க்கச் சுளகில் பரப்பி, நல்ல வெயிலில் பத்து நாளாவது காயவிடுங்கள். பின்னேரம் நாலு மணிக்கே உள்ளே எடுத்துவிட வேண்டும். இரவு ஈரம் பகல் வெயிலை வீணாக்கிவிடும். மே முதல் செப்டம்பர் வரை மழைக்காற்று. அப்போது மின்னடுப்பை (oven) 70 பாகை செல்சியஸில் வைத்து, அதன் கதவைச் சற்றுத் திறந்துவிட்டு உலர்த்துவதே நல்லது.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஒன்றைப் பிளந்து கடதாசியில் அழுத்துங்கள். ஈரத்தடம் விழக்கூடாது. நன்றாக ஆறிய பிறகே போத்தலில் போட்டு மூடுங்கள். முதல் கிழமை போத்தலின் உட்புறத்தைத் தினமும் பாருங்கள். வியர்த்திருந்தால் திரும்பவும் வெயிலுக்கு.